ஒரு ட்ரம் தழைத்தண்ணீர்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறள்கள் எரு விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. 1037ஆம் குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாக வற்றும் அளவுக்கு உழுது காயப்போட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறது. அடுத்த குறள், ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது மேல் என்கிறது. எங்கள் ஊர் டீக்கடைகளில் இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அடைக்கல மாதா கோயிலாலும் வீரமாமுனிவராலும் தெரிந்த ஊர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, எங்கள் ஊரைத் தன் ஊராக்கிக்கொண்ட அந்த மனிதர், 1730இல் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். காமத்துப்பாலை விட்டுவிட்டார். உழவு பொருட்பாலில் இருப்பதால் எரு தப்பித்தது.

அந்தக் குறள்களில் வரும் எரு, கையால் அள்ளுகிற எரு. ‘ஒரு பிடி’ என்று அளக்க முடிகிற திடப்பொருள். இன்று இயற்கை விவசாயம் என்று சொன்னதும் நம் மனதில் வருவது வேறு படம்: ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரம், அதில் ஊறும் இலைகள், கலக்க ஒரு நீளக் கழி. பயிற்சி முகாம்களிலும் காணொளிகளிலும் இந்தக் கரைசல்களுக்கு ஒரே முன்னுரைதான். “நம்ம முன்னோர் ஆயிரம் ஆயிரம் வருஷமா செஞ்சது.”

உண்மையிலேயே இந்த ட்ரம்முக்கு என்ன வயசு? இந்தக் கட்டுரை அதைத் தேடிப்போனதன் விளைவு. மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நிரல் எதற்காக எழுதப்பட்டது என்று தெரியவேண்டுமென்றால், அது எப்போது, யாரால், எந்தச் சிக்கலைத் தீர்க்க எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பான். கரைசலையும் அப்படிப் பார்க்கலாம்.

1

முதலில் ட்ரம்முக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எங்கள் கொல்லையில் அம்மா செய்வது இப்படி. 200 லிட்டர் ட்ரம். வேலியோரத்துக் கிளைரிசிடியா, எருக்கு, ஆவாரை, கொழிஞ்சி, முருங்கை எல்லாமாகச் சேர்த்து 20 கிலோ பச்சை இலை. வேப்பிலை இதில் கிடையாது, அது பூச்சிக்கென்று தனி வாளியில் ஊறும். இலைகளைக் கத்தியால் துண்டு துண்டாக்கி, ஒரு கோணிச்சாக்கில் கட்டி, தண்ணீரில் அமிழ்த்தி மேலே ஒரு கல்லை வைத்துவிடுவார். ஒரு கிலோ வெல்லம், இரண்டு லிட்டர் புளித்த மோர். நிழலில் வைத்து, வாயைத் துணியால் கட்டவேண்டும். இறுக்கி மூடினால் உள்ளே கிளம்பும் வாயு மூடியைத் தூக்கிவிடும். காலையும் மாலையும் ஒரு கலக்கு. பத்திலிருந்து பதினைந்து நாளில் இலை கரைந்து நரம்பு மட்டும் நிற்கும். ஒரு பங்கு கரைசலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு வேரடியில் ஊற்றவேண்டும். சாக்கில் மிஞ்சும் சக்கை மக்குக் குழிக்குப் போகும்.

நாற்றம் தெருவரைக்கும் வரும். பக்கத்து வீட்டுச் சித்தி ஒரு தடவை சுவரோரம் வந்து நின்று, “என்னக்கா, ட்ரம்முக்குள்ள எலி ஏதும் செத்துக் கெடக்கா?” என்று கேட்டார். அம்மா அசரவில்லை. “வா, உன் மல்லிக்கும் ரெண்டு சொம்பு தர்றேன்.” அடுத்த வாரம் சித்தியே வாளியோடு வந்தார்.

அந்த நாற்றத்துக்குக் கணக்கு இருக்கிறது. இலையில் இருக்கும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், எந்த மூலக்கூறோடும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. செல் உடைந்தவுடன் தண்ணீருக்கு வந்துவிடும். தழைச்சத்தான நைட்ரஜன் அப்படியில்லை. அது புரதத்துக்குள் பூட்டியிருக்கிறது. நுண்ணுயிர்கள்தான் புரதத்தைத் தின்று, உடைத்து, அதை அம்மோனியம் ஆக்கவேண்டும். காற்று குறைவான தண்ணீரில் இது நடக்கும்போது புரதத்திலிருக்கும் கந்தகமும் வாயுவாக வெளியேறும். அழுகிய முட்டை வாடை அங்கிருந்துதான் வருகிறது. தினமும் கலக்கினால் காற்று கொஞ்சம் உள்ளே போய் வாடை மட்டுப்படும்.

இப்போது பெருக்கல் வகுத்தல். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். பச்சை எடையில் நைட்ரஜன் சுமார் 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 20 கிலோ இலையில் அது 120 கிராம். ஒரு துளிகூட வீணாகாமல் எல்லாம் தண்ணீருக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு ட்ரம்முக்கு 120 கிராம்தான். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். ஆக, பதினைந்து நாள் ஊறிய ஒரு ட்ரம்மின் தழைச்சத்து சுமார் 260 கிராம் யூரியாவுக்குச் சமம். இரண்டு கையாலும் ஒருமுறை அள்ளினால் வரும் அளவு.

காவிரிப் படுகை நெல்லுக்கு வேளாண்துறை சொல்லும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 150 கிலோ. ஏக்கருக்கு 60 கிலோ. 120 கிராமால் வகுத்தால் 500 ட்ரம். பத்து டன் இலை.

அதே ட்ரம்மைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு தலைகீழாகிறது. ஒரு தக்காளிச் செடிக்கு ஒரு போகத்துக்கு 5 கிராம் தழைச்சத்து போதும். ஒரு ட்ரம் 24 செடிகளைக் கரைசேர்த்துவிடும். கொல்லையிலோ மாடியிலோ பத்து இருபது தொட்டி வைத்திருப்பவருக்கு மாதம் ஒரு ட்ரம் என்பது விருந்து. ஒரு ஏக்கர் நெல்லுக்கு அது பந்திக்கு வைத்த ஒரு சொட்டு நெய்.

இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தில்தான் கரைசலின் வரலாறு முழுக்க நடக்கிறது.

2

திரவ உரத்தின் எழுத்துச் சான்று நம் நாட்டில் பழையதுதான். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையில் மரங்களின் மருத்துவத்துக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை, எள், மாவு, மாட்டிறைச்சி இவற்றைத் தண்ணீரில் ஏழு இரவு ஊறவைத்து ஊற்றினால் கொடியும் செடியும் மரமும் பூத்துக் காய்க்கும் என்கிறது. ஏழு இரவு! நம் கரைசல்களுக்குச் சொல்லப்படும் ஏழு நாள் கெடு அங்கேயே இருக்கிறது.

அடுத்தது சுரபாலரின் விருட்சாயுர்வேதம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சமஸ்கிருத நூல். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்த அதன் சுவடியை வேளாண் அறிஞர் ஒய்.எல். நேனே தேடிப் பெற்றார். நளினி சதாலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் வெளிவந்தது. அதில் வருவதுதான் குணபஜலம். குணபம் என்றால் பிணம். பன்றி, மீன், ஆடு போன்றவற்றின் இறைச்சியையும் கொழுப்பையும் எலும்பு மஜ்ஜையையும் தண்ணீரில் வேகவைத்து, எள்ளுப் புண்ணாக்கு, தேன், ஊறவைத்த உளுந்து, நெய் சேர்த்துக் கதகதப்பான இடத்தில் நொதிக்கவிடுவது. பெயருக்கேற்ற வாடை வந்திருக்கும்.

இந்த நூல்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, இந்தத் திரவங்கள் சைவமல்ல. இலையை மட்டும் வைத்துச் செய்யும் குணபஜலம் நம் காலத்தில் உருவான திருத்தம். பழைய நூலின் பெயரைச் சொல்லிக்கொண்டே, அதிலிருந்த இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் களைச்செடியை வைத்திருக்கிறோம். திருத்தம் தப்பில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் திருத்தியது நாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவதுதான் முக்கியம். இவை மரத்தையும் தோட்டத்தையும் பற்றிய நூல்கள். மாமரம், மாதுளை, பூங்கொடி, உபவனம். தேனும் நெய்யும் ஊற்றி மரம் வளர்க்க வசதியுள்ளவனின் தோட்டம். நெல்வயலுக்கு நெய் ஊற்று என்று எந்த நூலும் சொல்லவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பும் திரவ உரம் தோட்டத்துக்கானதாகவே இருந்திருக்கிறது.

இந்தக் கோடு கடல் தாண்டியும் மாறவில்லை. இங்கிலாந்துத் தோட்டக்காரர்களின் பிரியமான இலைக்கரைசல் காம்ஃப்ரே என்ற செடியிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி டபுள்டே என்ற குவேக்கர் அந்தச் செடியின் ரஷ்ய வகையை வரவழைத்து வளர்த்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லாரன்ஸ் ஹில்ஸ் அதை ஆராய்ந்து, எஸ்ஸெக்ஸ் பகுதியின் பாக்கிங் என்ற ஊரில் வகை பிரித்து எண் கொடுத்தார். ‘பாக்கிங் 14’ என்ற வகை இன்றும் பொட்டாஷ் நிறைந்த கரைசலுக்குப் பெயர்பெற்றது. அதையும் தக்காளிக்கும் பூஞ்செடிக்கும்தான் ஊற்றினார்கள். கோதுமை வயலுக்கு ஊற்றவில்லை.

3

அப்படியென்றால் நம் வயல்கள் எதைத் தின்று வாழ்ந்தன? தழையைத்தான். ஆனால் கரைத்துக் குடிக்கவில்லை, அப்படியே மென்று தின்றன.

சாணி எரு, குளத்து வண்டல், ஆட்டுக்கிடை, இவற்றோடு தழை. புங்கம், வேம்பு, எருக்கு, ஆவாரை, அவுரி, கொழிஞ்சி. கொழிஞ்சியைக் கோடையில் தரிசிலேயே விதைத்துவிடுவார்கள். மற்றவற்றை மரத்திலிருந்தும் புதரிலிருந்தும் வெட்டிக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, சேற்று வயலில் பரப்பி, காலால் மிதித்து உள்ளே அமுக்குவார்கள். வேளாண் பல்கலைக்கழகம் இன்றும் நெல்லுக்குச் சொல்லும் பசுந்தழை அளவு ஹெக்டேருக்கு 6.25 டன். ஏக்கருக்கு 2.5 டன், அதாவது 2,500 கிலோ.

இந்த எண்ணைப் படிப்பது சுலபம். என் அப்பாயி அதைத் தலையில் சுமந்தவர். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர்ச் சீமையில், நடவுக்கு முன்னால் தழை வெட்டப் போவார்கள். ஒரு கட்டு ஒரு நடை. சேற்றில் எருக்கம்பால் பட்டுக் கால் வெடிக்கும். கண்ணில் பட்டால் இரண்டு நாளைக்கு வீங்கிக்கொள்ளும். கழுத்து எலும்பைத் தொட்டுக்காட்டி அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “தழை சும்மாதான் கெடைச்சுச்சு. சுமக்குறவளும் சும்மாதான கெடைச்சா.”

பழைய விவசாயத்தின் மீது நமக்கு இருக்கும் ஏக்கத்தில் இந்த வரி பொதுவாக விடுபட்டுப் போகும். தஞ்சைப் படுகையில் பண்ணையாள் முறை எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு, அதைக் கட்டுப்படுத்த 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாகவே ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது சாட்சி. டன் கணக்கில் தழை வயலுக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால், மறுத்துப் பேச முடியாத ஆட்களின் கழுத்து இருந்தது.

தழை வெட்ட இடமும் வேண்டுமல்லவா? 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகள் காப்புக் காடுகளாகின. இலை வெட்டவும் மாடு மேய்க்கவும் அனுமதிச் சீட்டு, கட்டணம், அபராதம் எல்லாம் வந்தன. இங்கிலாந்திலிருந்து வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்திய விவசாயிக்குப் பாடம் எடுக்க வந்தவர், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இந்தியக் குடியானவன் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குச் சளைத்தவனில்லை என்று எழுதினார். 1893இல் வந்த அவருடைய அறிக்கை எருவைப் பற்றி நிறையப் பேசுகிறது. விறகு கிடைக்காததால் சாணி அடுப்புக்குப் போகிறது, அதனால் வயல் பட்டினி கிடக்கிறது என்பது அவர் வாதம். ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் மரக்காடுகளை ஒதுக்கச் சொன்னார். எருப் பிரச்சினையை அவர் மரப் பிரச்சினையாகப் பார்த்தார்.

அரசு வேறு வழியில் போனது. 1960இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. மூட்டை யூரியா வந்தது. இன்று 45 கிலோ மூட்டை மானியத்தில் 266 ரூபாய் சொச்சம். அதில் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. அம்மாவின் ட்ரம் கணக்கில் 170 ட்ரம்முக்கும் அதிகம். ஒரு ஆள் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். அப்பாயியின் கழுத்துக்கு ஓய்வு கிடைத்ததில் யூரியாவுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் யூரியாவைத் திட்டுவது நேர்மையாகாது.

ஆனால் தழையை இனி யாரும் வெட்டவில்லை என்றானதும், தழை தந்த புங்கமும் வேலியும் புறம்போக்குத் தோப்பும் எதற்கு என்றாகிவிட்டது. மரம் போனது. மாடு குறைந்தது. மண்ணில் மக்குச் சத்தும் குறைந்தது. யூரியா நைட்ரஜனைக் கொடுத்தது. தழை அதோடு சேர்த்துக் கொடுத்துவந்த கரிமப்பொருளை அந்த மூட்டையில் கட்டித்தர முடியாது.

4

இந்த வெற்றிடத்தில்தான் ட்ரம் வருகிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே இளங்காட்டில் 1938இல் பிறந்த நம்மாழ்வார், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை 1969இல் விட்டுவிட்டு வெளியே வந்தவர். 2013 டிசம்பர் 30 அன்று இறக்கும்வரை ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பஞ்சகவ்யத்தைக் கோயிலிலிருந்து வயலுக்கு நகர்த்தினார். அவர்களைச் சுற்றி உருவான வட்டங்களில் மாட்டுப் பொருள்களைக் கொண்ட கரைசல்களோடு இலையையும் காயையும் கொண்ட கரைசல்களும் பரவின. இவற்றில் நம் மண்ணின் வாசனை கொண்டவை என்று எனக்குத் தோன்றுபவை இரண்டு.

ஒன்று அரப்பு மோர்க் கரைசல். உசிலை மர இலைதான் அரப்பு. நம் பாட்டிகள் எண்ணெய்த் தலைக்குத் தேய்த்துக் குளித்தது. 2 கிலோ இலையை அரைத்துச் சாறெடுத்து, 5 லிட்டர் புளித்த மோரில் ஏழு நாள் ஊறவிட்டு, பத்து மடங்கு தண்ணீரில் கலந்து செடிமேல் தெளிப்பார்கள். மற்றது தேமோர்க் கரைசல். தேங்காய்ப் பாலும் இளநீரும் மோரும் சேர்ந்து ஏழு நாள் புளித்தது. பூ பிடிக்காத செடிக்குத் தருவார்கள்.

இவற்றில் தழைச்சத்து அளவு சொல்லும்படியாக இல்லை. வேலை வேறு வழியில் நடக்கலாம் என்று ஊகிக்க ஒரு கதை உதவும். 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் உடனிருந்தவர்களும் ஊமத்தைச் செடியின் பிஞ்சுக் கருக்களைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப் பார்த்தார்கள். சர்க்கரையும் உப்புகளும் வைட்டமினும் கொடுத்தும் வளரவில்லை. தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்ததும் வளர்ந்தன. தேங்காய்க்குள் செல்களைப் பிரியத் தூண்டும் ஏதோ இருக்கிறது என்று உலகம் தேட ஆரம்பித்தது. 1955இல் ஸ்கூக், மில்லர் குழு கைனெட்டினைக் கண்டுபிடித்தது. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் குடும்பம் அறிமுகமானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜியாட்டின் தேங்காய்த் தண்ணீரில் இருப்பதை 1974இல் லெதம் காட்டினார். நம் கொல்லையில் தானாக முளைக்கும் ஊமத்தையும் நம் தென்னையும் சேர்ந்து ஒரு ஹார்மோனுக்கு வழிகாட்டியிருக்கின்றன. ட்ரம்மில் ஒரு வாரம் புளித்த பிறகு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது தனிக் கேள்வி. ஆனால் தேமோர் சோறு அல்ல, டானிக் என்று புரிந்துகொள்ள இந்த வரலாறு போதும். டானிக்கைச் சோற்றுக்குப் பதிலாகத் தர முடியாது.

ஆகவே, ‘முன்னோர் கரைசல்’ என்று நாம் சொல்லும் பலவும் இன்றைய வடிவத்தில் என்னைவிட வயதில் சிறியவை. 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம் இல்லாத காலத்தில் 200 லிட்டர் சமையல் குறிப்பு எப்படி இருந்திருக்கும்? இது இழிவான விஷயமே அல்ல. கையில் தழை குறைந்துபோன, ஆள் கிடைக்காத, மாடு விற்றுப்போன ஒரு தலைமுறை, இருப்பதை வைத்து யோசித்துக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர்கள் நம்மோடு வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு உரிய பெருமையைப் பெயரில்லாத முன்னோர்களிடம் தூக்கிக் கொடுப்பதுதான் அநியாயம்.

5

ட்ரம்மைக் குறைத்து மதிப்பிட்டாலும் வம்பு, கூட்டி மதிப்பிட்டாலும் வம்பு. இரண்டுக்கும் சமீபத்திய வரலாற்றில் உதாரணம் இருக்கிறது.

பிரான்ஸில், தொட்டால் அரிக்கும் ஒரு செடியை, நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி, தண்ணீரில் ஊறவைத்துத் தோட்டத்துக்கு ஊற்றுவார்கள். 2006 ஜனவரியில் வந்த வேளாண் சட்டம், அனுமதி பெறாத பயிர்ப் பாதுகாப்புத் தயாரிப்புகளைப் பரிந்துரைப்பதையும் தடைசெய்தது. பூச்சிமருந்துக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம், வாளியில் இலை ஊறவைக்கும் தாத்தாக்கள்மீது விழுந்தது. செய்முறையைச் சொல்லிக்கொடுப்பதே குற்றம் என்றானதும் தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் இதை ‘செந்தட்டிப் போர்’ என்ற பொருளில் எழுதின. 2011 ஏப்ரலில் அரசு ஓர் ஆணை போட்டு, அந்தக் கரைசலின் செய்முறையை அங்கீகரித்தது. ஒரு வாளி இலைத்தண்ணீருக்கு அரசாணை!

இந்தியாவிலும் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2021 பிப்ரவரியில் உயிரூக்கிகள் என்ற வகை கொண்டுவரப்பட்டது. விற்பனைக்கு வரும் செடிச்சாறுகளும் கடற்பாசிச் சாறுகளும் இப்போது இதில் அடங்கும். வீட்டில் செய்து வீட்டுச் செடிக்கு ஊற்றுவதை யாரும் கேட்கப்போவதில்லை. பாட்டிலில் அடைத்து விற்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவேண்டும். வாங்குகிறவன் விவசாயி என்பதால் இது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

கூட்டி மதிப்பிட்டதன் உதாரணம் கொடுமையானது. அது இலங்கை. 2021 மே 6 அன்று இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு ஒரே வீச்சில் இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்றார்கள். கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை என்று எங்கும் நெல் செய்கிறவர்கள் பெரும்போகத்துக்கு என்ன போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதன உரத்தில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகச் சொல்லி இறக்க மறுத்தார்கள். இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவம் விமானத்தில் போனது. நவம்பர் 24 அன்று தடை விலக்கப்பட்டது. அதற்குள் விதைத்தாகிவிட்டது. விளைச்சல் விழுந்தது. 2022 ஜனவரியில் அரசு நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவித்தது.

இதை இயற்கை விவசாயத்தின் தோல்வி என்று சிரித்தவர்கள் உண்டு. சதி என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது வகுத்தல் கணக்காகத் தெரிகிறது. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்தை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் டன் கணக்கில் தழையோ எருவோ நிற்கவேண்டும். அதற்கு மரம் நட்டுச் சில ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். இலங்கைக்கு இது தெரியாததும் அல்ல. அங்கே சீமைக்கிளுவை என்று அழைக்கப்படும் கிளைரிசிடியாவைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக முன்பே அறிவித்திருந்தார்கள். மரத்தின் கால அளவு வேறு, வர்த்தமானியின் கால அளவு வேறு.

6

கடைசியாக ஒரு கணக்கு. இதை நான் அம்மாவோடு உட்கார்ந்து போட்டேன்.

நன்றாக நிலைத்த ஒரு கிளைரிசிடியா ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ பச்சைத் தழை தரும். ஓர் ஏக்கர் சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு சுமார் 254 மீட்டர். மீட்டருக்கு ஒரு மரம் வேலியாக நட்டு, மரத்துக்கு 10 கிலோ கிடைத்தால் 2,540 கிலோ. 5 கிலோதான் கிடைக்கும் என்றால் அரை மீட்டருக்கு ஒன்று. ஏக்கருக்கு வேண்டிய பசுந்தழை 2,500 கிலோ என்று மேலே பார்த்தோம். ஒரு வயலுக்கு வேண்டிய தழையை அந்த வயலின் வேலியே தந்துவிடும்.

அந்தத் தழையில் இருப்பது சுமார் 15 கிலோ நைட்ரஜன். நெல்லுக்கு வேண்டியதில் கால்வாசி. மீதிக்குத் தக்கைப்பூண்டு, சாணி, தேவைப்பட்டால் கொஞ்சம் மூட்டையும். ஆனால் வேலி வயலிலேயே நிற்பதால் யாரும் இரண்டு மைல் தலையில் சுமக்கவேண்டாம். கிளைரிசிடியா நடு அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதால் இதையும் முன்னோர் கணக்கில் எழுதமுடியாது. பரவாயில்லை.

அம்மா கேட்டார். “அப்ப ட்ரம்மு வேணாங்கிறியா?”

“வேணும்மா. தக்காளிக்கு அதான். வயலுக்குத்தான் வேலி.”

“வேலி இருந்தாத்தானேடா ட்ரம்முக்கே தழை?”

அவர் சொன்னதற்கு மேல் எனக்குச் சேர்க்க எதுவுமில்லை. கரைசல் செய்முறைகள் நூறு கிடைக்கின்றன. எந்த மோர், எத்தனை நாள், எந்த வெல்லம் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். இலை எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதில் வருவதில்லை. 1893இல் வோல்க்கர் மரத்தைக் கேட்டார். பிறகு வந்த ஒவ்வொருவரும் மரத்தைத் தாண்டிப் போக ஒரு குறுக்குவழி தேடினார்கள். மூட்டை ஒரு குறுக்குவழி. கவனமில்லாமல் இருந்தால் ட்ரம்மும் இன்னொன்றாகிவிடும்.

மழைக்கு முந்தி வெட்டிய கிளைரிசிடியாப் போத்து, கைத்தண்டி கனம், மூன்றடி நீளம் இருந்தால் போதும். ஐப்பசி மழையில் வரப்போரம் ஊன்றிவிடலாம். அதற்குச் செய்முறைக் காணொளி எதுவும் வேண்டியதில்லை.